அமெரிக்காவின் பழைய கதைக்கு ஐந்து வாசல்: எதில் முதலில் நுழைவது?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆறு பேர். மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம், வருடம் முழுக்க ஒரே விஷயம். இந்தத் தடவை ஆரம்பகால அமெரிக்கா என்று ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. விடுதலைப் பிரகடனத்துக்கு 2026 ஜூலையில் 250 வயது. எங்கும் அந்தப் பேச்சு அடிபடுவதால் யாரும் மறுக்கவில்லை. சண்டை வந்தது அடுத்த கேள்வியில்தான்: எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

1776 என்றார் ஒருவர். ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய 1607 என்றார் இன்னொருவர். ஆப்பிரிக்க அடிமைகள் வர்ஜீனியாவில் இறக்கப்பட்டதாகப் பதிவு கிடைக்கும் 1619 என்றார் மூன்றாமவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் டீச்சர் (ஓய்வுபெற்றுப் பத்து வருடம் ஆகிறது, ஆனாலும் எங்களுக்கு டீச்சர்தான்) மெதுவாகக் கேட்டார்: "அதுக்கு முன்னாடி அங்க யாருமே இல்லையா?"

தொடங்கும் ஆண்டைச் சொன்னாலே யாருடைய கதையைக் கேட்கப்போகிறோம் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர்களுக்குள்ளும் இன்று நடப்பது கிட்டத்தட்ட இதே சண்டைதான். வில்லியம்ஸ்பர்க் நகரில் 1943-லிருந்து இயங்கும் ஓமோஹன்ட்ரோ நிறுவனம், இந்தத் துறையின் முக்கிய ஆய்விதழை நடத்துகிறது. அங்கிருந்து சில வருடங்களாக வரும் முழக்கம், 'பரந்த ஆரம்பகால அமெரிக்கா'. பதின்மூன்று ஆங்கிலக் காலனிகள் மட்டும் அமெரிக்கா அல்ல; ஸ்பானியரின் நியூ மெக்ஸிகோ, பிரெஞ்சுக்காரரின் லூசியானா, கரீபியத் தீவுகள், பூர்வகுடி நாடுகள், அங்கோலாக் கரை எல்லாம் சேர்ந்ததுதான் என்கிறார்கள். சரி, நியாயமான பேச்சு. ஆனால் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் வைத்திருப்பவர்களுக்கு 'பரந்த' என்ற சொல் உதவி செய்யாது. எங்காவது நுழைந்தாக வேண்டும்.

ஒப்பிட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் மூன்று கேள்விகள். மூல ஆவணத்தை நாம் வீட்டிலிருந்தே, காசு கொடுக்காமல் பார்க்க முடியுமா? வரலாற்றாசிரியர் எழுதியதில் எது ஆவணம், எது அவருடைய ஊகம் என்று தையல் தெரிகிறதா? படித்து முடித்தபின் நம் மனதிலிருக்கும் வரைபடம் கொஞ்சமாவது மாறுமா? மூன்றுக்கும் ஒருசேர 'ஆம்' சொல்லும் வாசல் கிடையாது. அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

பெரிய மனிதர்களின் கடிதப்பெட்டி

எல்லோருக்கும் தெரிந்த வாசல் இது. வாஷிங்டன், ஜெஃபர்சன், ஆடம்ஸ், ஃபிராங்க்ளின், ஹாமில்டன், மேடிசன். வசதி என்று பார்த்தால் இதற்கு இணையே இல்லை. அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் 1.8 லட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. அடிக்குறிப்போடு, தேடும் வசதியோடு, இலவசமாக. ஜெஃபர்சன் காகிதங்களின் முதல் தொகுதி பிரின்ஸ்டனிலிருந்து 1950-ல் வந்தது. அந்தப் பதிப்புப் பணி தலைமுறை தாண்டியும் நடந்துகொண்டிருக்கிறது. அவ்வளவு காகிதம்.

இந்த வாசலுக்குள் நல்ல வாதங்களும் உண்டு. அரசியல் சாசனம் எழுதியவர்களிடம் அரசுக் கடன் பத்திரங்கள் இருந்தன, தங்கள் சொத்தைக் காக்கவே அப்படி எழுதினார்கள் என்று 1913-ல் வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்ட் சொன்னார். 1967-ல் பெர்னார்ட் பெய்லின் புரட்சிக்கால துண்டுப்பிரசுரங்களைக் கட்டுக்கட்டாகப் படித்துவிட்டு வேறு மாதிரிச் சொன்னார்: தங்கள் சுதந்திரத்தைப் பறிக்க லண்டனில் சதி நடக்கிறது என்று இவர்கள் நிஜமாகவே நம்பினார்கள், பயந்தார்கள். பியர்ட் சட்டைப்பையைப் பார்த்தார், பெய்லின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரையும் அடுத்தடுத்துப் படித்தால் வரலாறு எழுதுவது என்றால் என்ன என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

குறை எங்கே என்றால், நாம் ஒருநாள் படிக்கப்போகிறோம் என்பது இந்த மனிதர்களுக்குத் தெரியும். ஜெஃபர்சன் 1804-லிருந்து, எழுதும்போதே இன்னொரு பேனா அதே வரிகளைப் பக்கத்துத் தாளில் எழுதும் ஒரு கருவியைப் பயன்படுத்தினார். போகும் கடிதத்துக்கெல்லாம் வீட்டில் நகல். மறுபக்கம், மார்த்தா வாஷிங்டன் தானும் கணவரும் எழுதிக்கொண்ட கடிதங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சாவதற்குமுன் எரித்துவிட்டார். ஆக நம் கைக்கு வந்திருப்பது அவர்களே கொஞ்சம் வாரி, வகிடெடுத்துக் கொடுத்த முகம்.

ஆனாலும் இதே பெட்டியை இன்றைய வரலாற்றாசிரியர்கள் படிக்கும் விதம் மாறிவிட்டது. தலைநகரம் பிலடெல்பியாவில் இருந்த காலம் அது. வெளியூர்க்காரர் கொண்டுவரும் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து தங்கிவிட்டால் விடுதலை கோரலாம் என்பது பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டம். 1791 ஏப்ரலில் வாஷிங்டன் தன் செயலர் டோபியாஸ் லியருக்கு எழுதுகிறார்: ஆறு மாதம் முடியும்முன் அடிமைகளை வர்ஜீனியாவுக்கு அனுப்பிவிட வேண்டும், அவர்களும் ஊராரும் ஏமாறும்படி ஏதாவது சாக்குச் சொல்லிச் செய்ய வேண்டும். ரகசிய ஆவணம் இல்லை இது. மேலே சொன்ன தளத்தில் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும்.

அந்த வீட்டில் மார்த்தா வாஷிங்டனுக்குப் பணிப்பெண்ணாக இருந்த ஓனா ஜட்ஜ், 1796 மே மாதம், குடும்பம் சாப்பாட்டில் இருந்தபோது வெளியேறிவிட்டார். பிடித்துத் தந்தால் பத்து டாலர் என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. வாஷிங்டன் நிதியமைச்சருக்கே கடிதம் எழுதி அவரைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். முடியவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் வறுமையில் வாழ்ந்து 1848-ல் இறந்தார் ஓனா. சட்டப்படி கடைசிவரை 'ஓடிப்போன அடிமை'தான். சாவதற்குச் சில வருடங்கள் முன்னால் அடிமைமுறை எதிர்ப்புப் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார். எஜமானரின் கடிதம், செய்தித்தாள் விளம்பரம், ஓடிப்போனவரின் சொந்த வாய்மொழி: ஒரே சம்பவத்துக்கு மூன்று கைகள். இப்படி அமைவது அபூர்வம். மூன்றையும் கூட்டிப் பார்க்கும்போதுதான் முதல் கடிதத்தில் வரும் 'சாக்கு' என்ற சொல்லின் கனம் தெரிகிறது.

என் தீர்ப்பு: முதல் வாசலாக இது வேண்டாம். இதில் நுழைந்தால் பன்னிரண்டு ஞாயிறும் ஆறு ஆண்களின் வரவேற்பறையில் கழிந்துவிடும். ஓனா ஜட்ஜை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே வரலாம்.

ஒரு மருத்துவச்சியின் நாட்குறிப்பு

மெய்ன் பகுதியில், கென்னபெக் ஆற்றங்கரையில் ஹாலோவெல் என்ற ஊர். அங்கே மார்த்தா பாலர்ட் என்ற மருத்துவச்சி, தன் ஐம்பதாவது வயதில், 1785-ல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1812-ல் இறக்கும் வரை எழுதினார். இருபத்தேழு வருடம், ஏறக்குறைய பத்தாயிரம் பதிவுகள். பதிவென்றால் பெரிதாக எதுவும் இல்லை. இன்று வானிலை இப்படி, ஆற்றைக் கடந்து இன்னார் வீட்டுக்குப் போனேன், பெண் குழந்தை, இவ்வளவு கூலி. மறுநாள் அவரை விதை, துணி நெசவு, விருந்தாளி. உள்ளூர் வரலாறு எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர் ஒருவர் இதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பொதுவாசகருக்கு இதில் சுவாரசியமாகப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதிவைத்தார்.

வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிக் அந்தச் சலிப்பூட்டும் வரிகளைத்தான் எண்ணத் தொடங்கினார். 1990-ல் வந்த அவருடைய நூலுக்கு அடுத்த வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசை விடுங்கள், எண்ணியதில் என்ன வந்தது என்று பாருங்கள். 816 பிரசவங்கள். பிரசவத்தின்போதே ஒரு தாய்கூட இறக்கவில்லை. பின்னாட்களில் இறந்தவர்கள் ஐந்து பேர். தலைப்பிரசவங்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு, கல்யாணத்துக்கு முன்பே உருவான கரு. மெய்ன் உள்ளிட்ட வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்து என்றால் கறுப்பு உடையும் கடும் ஒழுக்கமும் என்று நாம் வைத்திருக்கும் படம் இங்கே கொஞ்சம் ஆடுகிறது.

எனக்கு மிகப் பிடித்த இடம் 1791-ல் வருகிறது. கல்யாணமாகாத பெண்ணுக்கு வலி எடுக்கும்போது, குழந்தைக்குத் தகப்பன் யார் என்று மருத்துவச்சி கேட்க வேண்டும்; அந்த நேரத்தில் சொல்வதற்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. சாலி பியர்ஸ் என்ற பெண்ணிடம் மார்த்தா கேட்கிறார். அவள் சொன்ன பெயர் மார்த்தாவின் சொந்த மகன் ஜோனத்தன். மார்த்தா அதையும் வழக்கமான தொனியிலேயே குறித்துவைக்கிறார். புலம்பல் இல்லை, விளக்கம் இல்லை. சில மாதத்தில் இருவருக்கும் கல்யாணம். நாவலாசிரியர் என்றால் இதற்கு முப்பது பக்கம் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. அதே ஊர் ஆண்களின் கணக்குப் புத்தகங்களில் மரம், மீன், மாவு ஆலை எல்லாம் இருக்கும். பெண்கள் வாங்கி விற்றது எதுவும் இராது. அவற்றை மட்டும் படித்தால் ஹாலோவெல்லில் பெண்கள் பொருளாதாரமே இல்லாமல் இருந்ததாகத் தோன்றும். மார்த்தாவின் குறிப்பிலோ, யார் வீட்டு மகள் யார் வீட்டில் வந்து நெய்தாள், நூலுக்குப் பதில் என்ன கொடுத்தார்கள், பிரசவக் கூலியாக என்ன வந்தது என்று இன்னொரு முழுப் பொருளாதாரம் ஓடுகிறது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு ஊர்.

என் அளவுகோலில் முதல் இரண்டு கேள்விக்கும் இது முழு மதிப்பெண் வாங்குகிறது. நாட்குறிப்பின் பக்கங்கள் இணையத்தில் படமாகவே கிடைக்கின்றன. கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுத்துப்படியும் உண்டு. உல்ரிக் ஒவ்வொரு அத்தியாயத்தையும் நாட்குறிப்பின் வரிகளோடு தொடங்கி, அப்புறம்தான் தன் விளக்கத்தைச் சொல்கிறார். நாம் வரிகளை மட்டும் படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து, நமக்கு என்ன தெரிகிறது என்று பேசிப் பார்க்கலாம். பிறகு திறந்து பார்த்தால், நம் கண்ணில் படாத எத்தனை விஷயம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது என்பது தெரியும். ஒரு வாசிப்பு வட்டத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கேள்வியில் சறுக்குகிறது. ஹாலோவெல்லை எவ்வளவு ஆழமாகப் பார்த்தாலும் அது ஒரு வெள்ளையர் ஊர். மார்த்தாவுக்கு எழுதத் தெரிந்ததால் நமக்குக் கிடைத்த ஊர். அந்த நிலம் அதற்குமுன் அபெனாகிப் பூர்வகுடிகளின் நிலம் என்பதை நாட்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு உணர முடியாது.

கப்பல் கணக்கு

மூன்றாவது வாசல் கடல். இதில் 1619 நல்ல உதாரணம். அந்த வருடம் ஆகஸ்டு கடைசியில் ஒரு டச்சுப் போர்க்கப்பல் 'இருபது சொச்சம்' கறுப்பர்களைக் கொண்டுவந்தது என்று வர்ஜீனியாக் குடியேறி ஜான் ரோல்ஃப் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு வர்ஜீனியாக்காரர்கள் வெகுகாலம் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் யார், எங்கிருந்து? பதில் அமெரிக்காவில் இல்லை. 1997-ல் எங்கல் ஸ்லூய்ட்டர் என்ற ஆய்வாளர், ஸ்பானியக் கப்பல் கணக்குகளில் கண்டதை வெளியிட்டார்: அங்கோலாவின் லுவாண்டாவிலிருந்து மெக்ஸிகோவின் வெராக்ரூஸுக்கு அடிமைகளை ஏற்றிப்போன போர்ச்சுகீசியக் கப்பலை ஆங்கிலக் கொள்ளையர் வழியில் மடக்கியிருக்கிறார்கள். 'டச்சு' என்று ரோல்ஃப் சொன்ன 'ஒயிட் லயன்' உண்மையில் ஆங்கிலேயரின் கப்பல். அடுத்த வருடமே ஜான் தார்ன்டன், அந்தக் காலத்தில் லுவாண்டாவில் ஏற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் இண்டோங்கோ ராஜ்யத்தில் நடந்த போரில் பிடிபட்டவர்கள் என்று காட்டினார். வர்ஜீனியாவின் புதிருக்கு விடை ஸ்பெயினிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்தது. அட்லாண்டிக் வரலாறு என்று ஒரு துறையே ஏன் வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அடிமைக் கப்பல்களின் பயணங்களைத் தொகுக்கும் 'ஸ்லேவ் வாயேஜஸ்' தரவுத்தளத்தில் 36,000 பயணங்கள் பதிவாகியிருக்கின்றன. அதை வைத்துக் கணக்கிட்டால் ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி, உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. அதில் நேரடியாக வட அமெரிக்க நிலப்பகுதிக்கு வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு. மிச்சப் பேரில் பெரும்பாலானவர்கள் பிரேசிலுக்கும் கரீபியனுக்கும். அடிமைமுறை என்றதும் அமெரிக்கப் பருத்திக்காடு மட்டும் நினைவுக்கு வரும் நமக்கு, இந்த ஒரு கணக்கு போதும்.

நம் கரையும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க ஐரோப்பியர் கொடுத்த சரக்கில் இந்தியப் பருத்தித்துணி முக்கியமானது. சோழமண்டலக் கரையில் நெய்ததும் அதில் உண்டு. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்த எலிஹு யேல் பின்னாளில் அனுப்பிய துணி மூட்டைகளையும் புத்தகங்களையும் வாங்கிக்கொண்டுதான் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரி 1718-ல் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கப் புரட்சிப் படையிடம் தோற்ற ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் ஐந்தே வருடத்தில் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல். அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்தது: 1782-ல் டெலவேர் விரிகுடாவில் ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்த பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. 1780-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கம்பெனிப் படையை நொறுக்கிய மைசூர்க்காரரின் பெயர், அவ்வளவு தூரத்தில், எதிரிக்கு எதிரி என்ற முறையில் ஒரு கப்பலின் பின்புறத்தில்.

இதையெல்லாம் சொன்னபோது வட்டத்தில் பாதிப் பேர் இந்த வாசலுக்கே வாக்களிக்கத் தயாரானார்கள். எனக்கு இங்கேதான் தயக்கம். நம் ஊர்ப் பெயர் வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனால் அமெரிக்கா கையை விட்டு நழுவிவிடும். இன்னொன்று, கப்பல் கணக்கை எழுதியவன் வியாபாரி. அவன் கணக்கில் மனிதர்கள் எண்ணிக்கையாகத்தான் இருப்பார்கள். அதை அப்படியே கூட்டிக் கழித்தால் நாமும் அவன் மேசையில் உட்கார்ந்ததாக ஆகிவிடும். இந்த ஆபத்தைப் பற்றி அடிமைமுறை ஆய்வாளர்களே நிறையப் பேசுகிறார்கள். மூன்றாவது, பெரிய கதை சொல்லும்போது ஒரு சொல் வழுக்கினாலும் அடி பலமாக விழும். 2019-ல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட '1619 திட்டம்' என்ற கட்டுரைத் தொகுப்பில், குடியேறிகள் விடுதலை கேட்டதற்கு அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்வது ஒரு முதன்மைக் காரணம் என்று ஒரு வரி. ஐந்து மூத்த வரலாற்றாசிரியர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். 2020 மார்ச்சில் அது 'குடியேறிகளில் சிலர்' என்று திருத்தப்பட்டது. திட்டத்தின் மற்ற கட்டுரைகளைப் படிக்காதவர்கள்கூட அந்த 'சில'ரைப் பற்றிக் கருத்து வைத்திருக்கிறார்கள்.

கிழக்கே பார்த்து நிற்பது

டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வாசல் இதுதான். வழக்கமான கதையில் நாம் கப்பலின் மூக்கில் நின்று மேற்கே பார்க்கிறோம். பூர்வகுடிகளின் கரையில் நின்று கிழக்கே பார்த்தால், வருகிறவர்கள்தான் அந்நியர்.

வரைபடம் முதலில் மாறும். இன்றைய செயின்ட் லூயிஸுக்குப் பக்கத்தில் கஹோக்கியா என்ற நகரம் பொது ஆண்டு 1100 வாக்கில் உச்சத்தில் இருந்தது. அதன் மிகப்பெரிய மண்மேடு ஏறக்குறைய 30 மீட்டர் உயரம். 1680-ல் நியூ மெக்ஸிகோவின் பியூப்லோ மக்கள் போப்பே என்பவரின் தலைமையில் எழுந்து ஸ்பானியரை விரட்டினார்கள். பன்னிரண்டு வருடம் அவர்களால் திரும்ப முடியவில்லை. காலனிக்கால வரைபடங்களில் பாதிக் கண்டத்துக்கு லண்டனும் பாரிஸும் வண்ணம் பூசிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வண்ணத்துக்கடியில் முடிவெடுத்துக்கொண்டிருந்தவர்கள் வேறு ஆட்கள். கேத்லீன் டுவால் இந்த ஆயிரம் வருடக் கதையை எழுதி 2025-ல் புலிட்சர் பெற்றவர்களில் ஒருவர்.

ஆனால் ஆதாரம் எங்கே என்ற கேள்வி உடனே வரும். எழுதிவைத்தவர்கள் எதிராளிகள்தானே? இங்கேதான் இந்த வாசலின் நுட்பம். ஒரு உதாரணத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

1675-ல் வாம்பனோக் பூர்வகுடித் தலைவர் மெட்டகாம் ஆங்கிலேயருக்கு எதிராகத் தொடங்கிய போரில், அடுத்த பிப்ரவரியில், லாங்காஸ்டர் என்ற ஊரிலிருந்து மேரி ரோலண்ட்சன் என்ற பாதிரியார் மனைவி பிடித்துச் செல்லப்பட்டார். மே மாதம் இருபது பவுண்டு கொடுத்து மீட்டார்கள். தன் சிறைவாசத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1682-ல் அச்சாகி அந்தக் காலத்துப் பெரும் விற்பனை கண்டது. அதில் அவருடைய எஜமானியாக வருகிறவர் வீட்டமூ. கர்வம் பிடித்தவள், பெரிய இடத்துப் பெண்போல் தினமும் அலங்கரித்துக்கொள்வாள், அது முடிந்தால் மணிக் கச்சைகள் கோப்பாள், அதுதான் அவள் வேலை என்று எரிச்சலோடு எழுதுகிறார் ரோலண்ட்சன்.

மூன்று நூற்றாண்டு இதை ஒரு திமிர் பிடித்த பெண்ணின் சித்திரமாகவே படித்தார்கள். வீட்டமூ யார்? பொகாஸெட் மக்களின் ஆட்சித் தலைவி. அந்த மணிக் கச்சை நகையில்லை, வாம்பம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தூது போகும்போது, உடன்படிக்கை செய்யும்போது கைமாறுவது. போரின் நடுவில் ஒரு தலைவி உட்கார்ந்து வாம்பம் கோக்கிறாள் என்றால் ராஜதந்திர வேலை நடக்கிறது என்று அர்த்தம். அபெனாகி வரலாற்றாசிரியரான லிசா புரூக்ஸ் போன்றவர்கள் இந்தப் போரையே வீட்டமூவை மையமாக வைத்துத் திருப்பிச் சொல்கிறார்கள். ரோலண்ட்சனின் வரிகள் அதேதான், ஒரு எழுத்தும் மாறவில்லை. பார்ப்பதை ரோலண்ட்சன் சரியாகப் பார்த்தார், பார்த்தது என்னவென்று தெரியாமல்.

இன்னும் ஒரு திருப்பம். ரோலண்ட்சன் நூலுக்கு அச்சு கோத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரின்டர் என்ற நிப்மக் இனத்தவர். வாம்பனோக்குகளும் பேசிய மாசசூசெட் மொழியில் 1663-ல் முழுதாக வந்த பைபிளை அச்சிட்ட பட்டறையில் தொழில் கற்றவர். போரின்போது மறுபக்கத்தில் இருந்து, ரோலண்ட்சனை மீட்கும் பேச்சில் எழுத்தராகவும் இருந்தார். அப்புறம் மன்னிப்புப் பெற்றுத் திரும்பிவந்து, தன் மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று சொல்லும் புத்தகத்துக்கு ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். என்ன நினைத்துக்கொண்டு அடுக்கினார் என்பதற்கு ஆவணம் இல்லை. நல்ல வரலாற்றாசிரியர் அந்த இடத்தில் நின்றுவிடுவார்.

அந்த பைபிளும், வாம்பனோக் மக்கள் தங்கள் மொழியிலேயே எழுதிவைத்த நிலப்பத்திரங்களும் உயில்களும் இன்னொரு பிறவி எடுத்தன. பேசுவோர் இல்லாமல் போன மொழியை அவற்றைக் கொண்டு மீட்கும் வேலையை 1993-ல் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் தொடங்கினார். அவருடைய மகள் அந்த மொழியைத் தாய்மொழியாகவே பேசி வளர்ந்தாள். மதம் மாற்ற அச்சிட்ட புத்தகம் அகராதிக்கு மூலமாகிவிட்டது.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது மனதிலிருக்கும் வரைபடம் மாறுமா என்பதற்கு, இந்த வாசலுக்குப் போட்டியே இல்லை. ஆனால் முதல் வாசலாக வைக்க எனக்குத் துணிவில்லை. காரணம் முக்கியத்துவம் குறைவு என்பதல்ல. இங்கே ஒவ்வொரு ஆவணத்தையும் அதன் மயிருக்கு எதிர்த்திசையில் சீவ வேண்டும். ஆவணத்தை நேராகப் படித்துப் பழகாதவர்கள் எடுத்ததுமே எதிர்த்திசையில் படித்தால், தாங்கள் விரும்புவதையெல்லாம் அதில் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டமூவின் கச்சையைப் புரிந்துகொள்வதற்கு, மார்த்தாவின் நூல் கணக்கில் கொஞ்சம் கை பழகியிருக்க வேண்டும்.

மண்ணும் எலும்பும்

ஐந்தாவது வாசலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாம் அங்கே மண்வெட்டி எடுக்கப்போவதில்லை. ஜேம்ஸ்டவுன் கோட்டையை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் நெடுநாள் நம்பிக்கை. தொல்லியலாளர் வில்லியம் கெல்சோ 1994-ல் தோண்டத் தொடங்கி, கோட்டையின் பெரும்பகுதி இன்னும் கரையிலேயே இருப்பதைக் காட்டினார். 1609-10 பஞ்சக் குளிர்காலத்தில் குடியேறிகள் பிணத்தைத் தின்றார்கள் என்று அங்கேயே இருந்த ஜார்ஜ் பெர்சி எழுதியதை மிகை என்று சந்தேகித்தவர்கள் உண்டு. 2012-ல் ஒரு நிலவறைக் குப்பையில் சுமார் பதினான்கு வயதுப் பெண்ணின் மண்டையோடு வெட்டுக் காயங்களோடு கிடைத்தது; அடுத்த வருடம் ஆய்வு முடிவு வந்தது. பெர்சி மிகைப்படுத்தவில்லை. இதற்கு முன்பே, 1998-ல், மரவளையங்களைப் படித்தவர்கள் 1606 முதல் 1612 வரை அந்தப் பகுதியில் 770 வருடங்களில் இல்லாத ஏழாண்டு வறட்சி என்று சொல்லியிருந்தார்கள். குடியேறிகள் சோம்பேறிக் கனவான்கள், அதனால்தான் பட்டினி கிடந்தார்கள் என்ற பழைய விளக்கம் அதோடு கொஞ்சம் சுருங்கிவிட்டது.

மன்ஹாட்டனில் 1991-ல் ஒரு அரசுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஆப்பிரிக்கர் இடுகாடு வெளிப்பட்டது; 400-க்கு மேற்பட்டவர்களின் எலும்புகளை ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, 2003-ல் மரியாதையோடு திரும்பப் புதைத்தார்கள். நியூயார்க்கில் ஏது அடிமை என்பவர்களுக்கு அது பதில். இருந்தாலும் இந்த வாசலில் நிபுணர் சொல்வதை நம்புவதைத் தவிர நமக்கு வேலை இல்லை. தையல் இருக்கும், அதைப் பிரித்துப் பார்க்கும் கருவி நம்மிடம் இருக்காது. ஒரு ஞாயிறு போதும்.

நான் போட்டுக்கொடுத்த வரிசை

முதல் மூன்று மாதம் மார்த்தா பாலர்ட். நான்காவது மாதம் ஓனா ஜட்ஜின் மூன்று ஆவணங்கள். அங்கிருந்து வாஷிங்டன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம், பின்வாசல் வழியாக. ஐந்தாவது மண்ணும் எலும்பும். ஆறு முதல் ஒன்பது வரை கிழக்கே பார்க்கும் வாசல், அதில் ரோலண்ட்சன் நூலுக்கு மட்டும் ஒரு முழு ஞாயிறு. பத்தும் பதினொன்றும் கப்பல் கணக்கு. கடைசி மாதம் விடுதலைப் பிரகடனம். அதன் குற்றச்சாட்டுப் பட்டியலின் முடிவில் பூர்வகுடிகளை 'இரக்கமற்ற காட்டுமிராண்டிகள்' என்று ஜெஃபர்சன் எழுதும் இடத்தை, வீட்டமூவைப் படித்து முடித்தவர்களாகப் படிக்கலாம்.

1776-காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தன் ஆண்டு கடைசியில் போய்விட்டதே என்றார். தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இந்த வரிசை சரிவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; அவர்கள் பெரிய மனிதர்களின் பெட்டியிலிருந்தே தொடங்குவது நல்லது, பாடத்திட்டமும் அப்படித்தான் இருக்கிறது. ஆங்கிலம் சிரமமாக இருப்பவர்களுக்கும் மார்த்தாவின் கையெழுத்து கஷ்டம்தான், எழுத்துக்கூட்டலும் அவர் இஷ்டத்துக்கு இருக்கும். டீச்சர் அதற்கும் வழி சொன்னார்: ஆளுக்கு ஒரு பக்கம், எழுத்துப்படியைப் பார்க்காமல் முடிந்தவரை படித்து எழுதிக்கொண்டு வர வேண்டும். தப்பு வந்தால் வரட்டும், அதைப் பேசலாம் என்றார்.

என் பங்குக்கு 1791 அக்டோபர் வந்திருக்கிறது. நேற்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் நான்கு வரி.